பால் நுழையாத குசினி

பிளாக்டவுன், சிட்னி
4.2.2024

என் பேரன்புக்கும் பெருங்கோபத்துக்கும் உரிய, என் தங்கை பெற்ற மருமகள் நிரஞ்சினிக்கு,

இங்கு நானும் உன் மாமி தவநாயகியும் நலம். என் வலது முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது. மெல்பேணில் நீ நலமா?

இதைக் கடிதத்தில் கேட்பதற்குக் காரணம் உண்டு. போன ஞாயிறு பன்னிரண்டு நிமிடம் தொண்டை கிழியப் பேசி வட்ஸ்அப்பில் உனக்கு அனுப்பினேன். பதிலுக்கு என்ன அனுப்பினாய்? ஒரு பெருவிரல். மஞ்சள் நிறப் பெருவிரல்! முப்பத்தொரு வருடம் தபால் பிரிக்கும் நிலையத்தில் நின்று, இந்தக் கண்டத்தின் கல்யாணம், காதல், கோர்ட்டுக் கட்டளை எல்லாவற்றையும் இந்தக் கைகளால் பிரித்தவனுக்கு ஒரு விரல். இனி எங்களுக்குள் தபால்தான். ரெலிபோனை மாமியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

அடுத்த கோபம் இதைவிடப் பெரிது. மாமி சொல்லித்தான் கேள்விப்பட்டேன். கேட்டதும் பிளாக்டவுன் முழுக்க மின்சாரம் போகிற அளவுக்குக் கத்தினேன். நீ பதின்மூன்று நாள் படகில் கிடந்து வந்தவள். கோல்ஃபீல்டில் யூதர் பேக்கரியில் ஒன்பது வருடம் தட்டுக் கழுவி, மா உருட்டி, முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு பேர்த்துக்குப் போன பிறகு உன் வீட்டுக் கராஜிலேயே சொந்தமாகப் பேக்கரிக் குசினி கட்டியவள். அந்த அடுப்பை நீ பற்றவைக்கக் கூடாதாமே! தெவோரா என்ற ஒரு அம்மையார் காலையில் காரில் வந்து பற்றவைப்பாராமே! உன் காசு, உன் கராஜ், உன் நெருப்பு. அதற்கு ஒரு பூசாரியா?

மார்ச் முதலாம் திகதி நான் வருகிறேன். புது அடுப்பில் முறைப்படி பால் பொங்க வைப்போம். பிறகு பார்க்கலாம் யார் பற்றவைப்பது என்று.

கொதிநிலையில்,
உன் மாமா மகேந்திரராசா

~

கிளேற்றன், மெல்பேண்
12.2.2024

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

நான் சுகம். உங்கள் முழங்காலுக்கும் உங்களுக்கும் சமாதானம் உண்டாக வேண்டுகிறேன். பெருவிரலுக்கு மன்னிக்கவும், கை முழுக்க மா இருந்தது.

அடுப்பு விஷயத்தை ஒருதரம் விளங்கிக்கொள்ளுங்கள். யூதர்களின் முறையில் இறைச்சியும் பாலும் ஒரு சாப்பாட்டில் சேராது. வெள்ளிக்கிழமை விருந்தில் இறைச்சி உண்டு. அதற்குப் பிறகு சாப்பிடும் இனிப்பில் ஒரு துளி பாலோ பட்டரோ இருக்கக் கூடாது. அதனால் என்னுடையது பாலே இல்லாத குசினி என்று அவர்களின் உணவு விதிகளைப் பார்க்கிற சபை சான்றிதழ் தந்திருக்கிறது. என் ருகலாக்கை அதை நம்பித்தான் வாங்குகிறார்கள். ருகலாக் என்றால் கறுவாவும் சீனியும் வால்நட்டும் வைத்துச் சுருட்டும் சின்னப் பிறை. மாமிக்கு ஒரு பெட்டி அனுப்புகிறேன். என்னோடு வேலை செய்கிற யோகராணி, பால்தேத்தண்ணி குடித்த கப்பைக்கூட வெளிக்குழாயில் கழுவி, கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

நெருப்பும் அவர்களில் ஒருவர் மூட்ட வேண்டும். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. தெவோரா ஆறரைக்கு வருவார், பற்றவைப்பார், ஒரு ருகலாக் தின்பார், தன் மருமகனைத் திட்டுவார், போவார். மாமா, ஹெலன்ஸ்பர்க் கோயில் மடைப்பள்ளிக்குள் உங்களை விட்டு அடுப்பு மூட்டச் சொல்வார்களா? அங்கே உங்களுக்குக் கோபம் வந்து நான் காணவில்லை.

கட்டாயம் வாருங்கள். பாலை வீட்டுக் குசினியில் பொங்கலாம். கராஜுக்குள் மட்டும் வேண்டாம். சத்தியம் பண்ணுங்கள்.

அன்புடன்,
நிரஞ்சினி

~

பிளாக்டவுன்
20.2.2024

சட்டம் படிக்காமலே வழக்கறிஞராகிவிட்ட மருமகளுக்கு,

நலம். முழங்கால் இப்போது கடிதம் மூலம் மட்டுமே தொடர்பு கொள்கிறது.

ஹெலன்ஸ்பர்க்கை இழுத்தாய், நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. (மாமி இதை வாசித்துவிட்டு, "இண்டைக்கும் நாலு இடியப்பத்தைக் கூட வைச்சு விழுங்கினது ஆராம்?" என்கிறாள். அது வேறு விஷயம்.) சாமிக்கு மூட்டுகிற அடுப்பும் சோற்றுக்கு மூட்டுகிற அடுப்பும் ஒன்றா? எங்கள் வம்சத்தில் பால் பொங்காமல் குடிபுகுந்தவர் ஒருவர்தான், என் பெரியண்ணர். மூன்றாம் நாள் கூரை பறந்து பக்கத்து வளவு மாமரத்தில் போய்க் குந்தியது. மாடு அவரைப் பார்த்துச் சிரித்தது. பிறகு உன் விருப்பம்.

சரி. சத்தியம். போதுமா? ஓர் ஆட்டுக்குட்டியைப் போல வந்து, கதிரையில் குந்தி, நீ தருவதைத் தின்றுவிட்டுப் போகிறேன். யோகராணியைக் கேட்டதாகச் சொல். அவளுடைய விசாவுக்கு நான் கைப்பட எழுதிய ஆதரவுக் கடிதத்தைப் பார்த்து அதிகாரிகள் கண்ணீர் விட்டிருப்பார்கள்.

வாயை மூடிக்கொண்ட எரிமலை,
மாமா

~

பிளாக்டவுன்
9.3.2024

அன்புள்ள நிரஞ்சினிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ஐந்து நாளும் நன்றாகக் கவனித்தாய். கசகசா வைத்த மூன்று மூலைப் பலகாரம் நல்ல ருசி. யூதர்களின் பூரிம் பண்டிகை ஓடர் ஆயிரத்து எண்ணூறையும் நீ வெற்றிகரமாக முடிப்பாய்.

யோகராணி தங்கமான பிள்ளை. எதற்கும் அவளை ஏசாதே.

வேறு விசேடம் இல்லை.

மாமா

~

கிளேற்றன்
14.3.2024

மாமா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. மாமிக்கு என் அன்பு.

செவ்வாய்க்கிழமை தெவோரா ஜாம் காய்ச்சுகிற அடுப்பின் தட்டைத் தூக்கினார். கீழே வெள்ளையாக ஏதோ கருகிப் பிடித்திருந்தது. சுரண்டி மணந்து பார்த்தார். பால்! வழிந்து, ஓடி, கீழே வெதுப்படுப்பின் கதவு வரைக்கும் இறங்கியிருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போய்ச் சபைக்கு ரெலிபோன் எடுத்தார்.

சான்றிதழை நிறுத்திவிட்டார்கள். பூரிம் ஓடர் வேறு கடைக்குப் போய்விட்டது. அறுநூறு ஏற்கெனவே செய்து வைத்திருந்தேன். அவ்வளவையும் குப்பையில் போட்டேன், என் கையாலேயே.

"பால் எண்டைக்கு வந்தது? அந்த நாளைச் சொல்லும், அதுக்குப் பிறகு விற்றதை மட்டும் திருப்பி எடுக்கலாம்" என்றுதான் கேட்டார்கள். எனக்குத் தெரியாதே! கராஜ் கதவின் திறப்பு என்னிடமும் யோகராணியிடமும்தான் இருக்கிறது. நான் ஓடர் கொண்டுபோகிற நேரங்களில் அவள்தான் தனியே நிற்பாள். பால்தேத்தண்ணி இல்லாமல் அவளுக்கு விடியாது. கேட்டேன். "நான் ஊத்தேல்லை அக்கா" என்றாள். "அப்ப ஆர்?" என்றேன். இருபது தரம் கேட்டேன். வாயே திறக்கவில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

நீங்கள் ஐந்து நாள் இங்கே நின்றீர்கள். ஏதாவது கண்டீர்களா?

நிரஞ்சினி

~

பிளாக்டவுன்
2.4.2024

என் வீரத் திருமகளுக்கு,

நலம் நலமறிய அவா. உன் கடிதம் கண்ட நாள் முதல் என் இரத்த அழுத்தம் விமானங்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது.

இது அநியாயம்! ஒரு கரண்டிப் பாலுக்காக ஒரு தொழிலையே மூடுவதா? நான் சபைக்கு நாற்பது பக்கத்தில் கடிதம் எழுதுவேன். பிரதமருக்குப் பிரதி. பசுக்கள் சங்கத்துக்கும் பிரதி. மெல்பேண் வந்து அவர்கள் வாசலில் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன், மாமி மதியச் சாப்பாடு கட்டித் தருவாளென்றால்.

பூனையை யோசித்தாயா? கிளேற்றன் பூனைகள் பொல்லாதவை. வாயில் பால் பைக்கற்றோடு யன்னலால் நுழைந்த ஒரு பூனையை நானே ஒருமுறை கண்டிருக்கிறேன், வேறு ஊரில். முன்பு அந்தக் கராஜில் இருந்தவர்கள் ஊற்றியிருக்கலாம். பழைய பாலாக இருக்கலாம்.

யோகராணியைத் திருப்பி எடு. காரணம் கேட்காதே. மாமா சொல்கிறேன், எடு.

தீராச் சினத்துடன்,
மகேந்திரராசா

~

கிளேற்றன்
10.4.2024

மாமா,

சுகமா? நான் இருக்கிறேன்.

அடுப்பு புதிது. ஜனவரியில் பெட்டி உடைத்துப் பூட்டியது. பூனைக் கதைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாள் தெரியாதபடியால், தொடங்கிய நாளிலிருந்து வாங்கின எல்லாருக்கும் ரெலிபோன் எடுக்க வேண்டும் என்றார்கள். அறுபத்து மூன்று வீடு. அறுபத்து மூன்று தரம் சொன்னேன்: என் குசினிக்குள் பால் வந்துவிட்டது, எப்போது என்று தெரியாது, நீங்கள் இறைச்சிக்குப் பிறகு சாப்பிட்டது பாலோடு பட்டதாக இருக்கலாம், மன்னியுங்கள். சிலர் பரவாயில்லை என்றார்கள். ஒரு கிழவர், சொன்னதற்கு நன்றி என்று ரெலிபோனை வைத்தார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒரேயொரு திகதி தெரிந்திருந்தால் பதினொரு வீட்டோடு போயிருக்கும்.

நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

நிரஞ்சினி

~

பிளாக்டவுன்
19.4.2024

அன்பு மகள் நிரஞ்சினிக்கு மாமி எழுதுவது,

சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை.

இன்று எங்கள் வீட்டில் பெயின்ற் பேணிகளுக்குப் பின்னால் ஒரு வெண்கலச் செம்பு அகப்பட்டது. பழைய சேட்டுக்குள் சுற்றியிருந்தது. கழுத்தில் காய்ந்த மஞ்சள் இலை. அடி கறுத்திருந்தது. பெப்ரவரியில் இந்த மனுசன் பிளாக்டவுன் கடையில் வாங்கி, மெல்பேணுக்குக் கொண்டுபோனது. "எங்கையப்பா செம்பு?" என்று மார்ச்சில் கேட்டபோது, "நிரஞ்சினிக்குக் குடுத்திட்டன்" என்றார்.

உன் கடிதங்களையும் எடுத்து வாசித்தேன். இவ்வளவு நாளும் அவர் எனக்குத் தன் பதில்களைத்தான் நாடகம் மாதிரி வாசித்துக் காட்டினார், உன்னுடையதைக் காட்டவில்லை.

பேனையும் தாளும் அவருக்கு முன்னால் வைத்திருக்கிறேன். எழுதி முடிக்கும்வரை தேத்தண்ணி கிடையாது.

மாமி

~

பிளாக்டவுன்
19.4.2024

நிரஞ்சினி,

மார்ச் 4, திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்து. இராகு காலம் முடிந்து பத்து நிமிடம். நீ கேட்ட திகதி இதுதான்.

நீ கோல்ஃபீல்டுக்கு ஓடர் கொண்டு போயிருந்தாய். யோகராணி மா வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். உன் திறப்பு கொழுவியில் தொங்கியது. உன் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு லீற்றர் பால் எடுத்தேன். நெருப்புப்பெட்டி என் சட்டைப் பையில் சிட்னியிலிருந்தே இருந்தது. ஜாம் அடுப்பை அணைத்துவிட்டு நானே திரும்ப மூட்டினேன்.

நீ சொன்னது விளங்காமல் செய்தேன் என்று எழுதலாம். எழுத மாட்டேன், அது பொய். விளங்கித்தான் செய்தேன். என் மருமகளின் அடுப்பை இன்னொருத்தி மூட்டுவதா என்று நாலு நாளாக எனக்குள் எரிந்தது. தெவோரா அந்தக் காலையிலும் பற்றவைத்துவிட்டு எனக்கு வணக்கம் சொல்லிச் சிரித்தபோது இன்னும் எரிந்தது. செம்பு பொங்கியது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அது நிற்கவில்லை.

யோகராணி மாவோடு வந்து கதவில் நின்றாள். பொதியைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ அங்கிள், என்ன வேலை பாத்தனீங்கள்!" என்றாள். "சத்தம் போடாதை பிள்ளை. துடைச்சாப் போகும். அவளுக்குச் சொல்லிப்போடாதை" என்றேன். இருவரும் துடைத்தோம். தட்டுக்குக் கீழே போனதை நாங்கள் காணவில்லை. உடனே அக்காவிடம் சொல்லுவோம் என்று அவள் அழுதாள். நான் விடவில்லை.

அவளை நீ அனுப்பிவிட்டாய் என்று வாசித்த அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். நான் பூனையைப் பற்றி எழுதினேன்.

மாமா

~

கிளேற்றன்
6.5.2024

மாமாவுக்கு,

மாமியின் சுகத்தை மாமியிடமே கேட்டுக்கொண்டேன்.

பத்து நாள் இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்தேன். உங்கள் கடிதத்தைத் தெவோராவுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அவர்களுடைய பாஸ்காப் பண்டிகை முடிந்ததும் சபை ஆட்கள் வந்தார்கள். அடுப்பை ஊதுகுழாய் நெருப்பால் இரும்பு சிவக்கும்வரை சுட்டார்கள். திரும்ப அனுமதி தந்திருக்கிறார்கள். அறுபத்து மூன்றில் இருபத்தாறு வீடு வந்திருக்கிறது. மற்றவர்கள் வருவார்களோ தெரியாது.

பால் ஊற்றினதைக்கூட நான் ஒருநாள் மறந்துவிடுவேன். அறுபத்து மூன்று வீட்டுக்கும் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க, நீங்கள் திகதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எனக்குப் பகிடி எழுதினீர்களே!

எனக்கு என்மேலும் கோபம். ஏன் யோகராணிதான் என்று ஒரு நிமிடத்தில் முடிவு கட்டினேன்? அவள் தற்காலிக விசாவில் இருக்கிறாள், எதிர்த்துக் கதைக்க மாட்டாள். பத்து வருடம் நானும் அப்படித்தான் நின்றேன். எனக்கே அது மறந்துபோயிற்று.

அவள் கிரெய்கிபர்னில் தன் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் இருக்கிறாள், மரக்கறி பொதி பண்ணுகிற வேலை. நான் போனேன். கதவைத் திறந்தாள், கேட்டாள், பூட்டினாள். தெவோரா சொல்கிறார், அவர்கள் வழக்கத்தில் ஒரு மனிதருக்குச் செய்த பிழையைக் கடவுளிடம் சொல்லித் தீர்க்க முடியாதாம். அந்த மனிதரிடமே போக வேண்டுமாம். மூன்று தரம்.

நீங்களும் போங்கள். கடிதம் எழுதாதீர்கள், நேரே போங்கள். பிறகு எனக்கு எழுதலாம். என் வீட்டுக்கு இப்போது வர வேண்டாம்.

நிரஞ்சினி

~

பிளாக்டவுன்
11.8.2024

அன்புள்ள நிரஞ்சினிக்கு,

மாமி நலம். நான் நலம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. முழங்காலே என்மேல் இரக்கப்பட்டுப் பேசத் தொடங்கிவிட்டது.

மூன்று தரமும் போனேன். மே மாதம் அவள் கதவைத் திறக்கவில்லை. கிரெய்கிபர்ன் காற்றில் ஒரு மணித்தியாலம் நின்றேன். அந்தக் காற்று அந்தாட்டிக்காவிலிருந்து எனக்கென்றே புறப்பட்டு வந்தது. கதவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தேன். ஜூனில் உள்ளே கூப்பிட்டாள். நான் பேசினேன். அவள் ஒரு பேணியில் தேத்தண்ணி வைத்தாள். பிளேன்ரீ. "பால் விடேல்லை அங்கிள்" என்றாள். சீனியும் இல்லை. என் வாழ்நாளில் குடித்த அத்தனை கசாயமும் அதற்கு முன்னால் பாயசம். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

போன கிழமை மூன்றாம் தரம். நான் வாயைத் திறக்கக் கையைக் காட்டி நிறுத்தினாள். "நீங்கள் நல்லாக் கதைப்பியள். எனக்கு யோசிக்க வேணும். எழுதி அனுப்புறன்" என்றாள். முப்பத்தொரு வருடம் தபாலோடு வாழ்ந்தவன் இப்போது தபால்காரனின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே ஒளிகிறேன். இது மிகையில்லை. மாமியைக் கேள்.

வாசலுக்கு வெளியே நிற்கும்,
மாமா

~

கிரெய்கிபர்ன்
2.9.2024

மகேந்திரராசா அங்கிளுக்கு,

நீங்களும் அன்ரியும் சுகமாய் இருக்க வேண்டும். நான் சுகம்.

நான் உங்களைக் காட்டிக்கொடுக்காமல் நின்றது நன்றிக்காக என்று ஜூனில் வந்தபோது சொன்னீர்கள். அப்படி நினைத்து நீங்கள் சந்தோஷப்பட வேண்டாம். பயத்தில் நின்றேன். உங்கள் ஆதரவுக் கடிதம் என் விசாக் கோவையில் இருக்கிறது. உங்களுக்குக் கோபம் வந்து அதைத் திருப்பி எடுத்தால் நான் என்ன செய்வேன்? அக்கா இருபது தரம் கேட்டபோது இருபது தரமும் அந்தக் கடிதம்தான் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. நீங்கள் அதை ஒருநாளும் யோசிக்கவில்லை.

நிரஞ்சினி அக்காவும் மூன்று தரம் வந்தா. வந்து அழவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. "நீ இல்லாமல் ருகலாக் கோணலா வருது" என்றா. அடுத்த கிழமை திரும்பப் போகிறேன். யூதர்களுடைய புதுவருடத்துக்குத் தேன் கேக் இருநூறு செய்ய வேண்டும். கராஜின் இரண்டு திறப்பும் இனி என்னிடம் இருக்கும். அது நான் கேட்டது, அக்கா ஒத்துக்கொண்டா.

உங்கள் ஆதரவுக் கடிதத்தின் பிரதியை இதற்குள் வைத்திருக்கிறேன். மூன்றாம் பந்தியைப் பாருங்கள். "யோகராணி நேர்மையான பெண் என்பதை நான் நன்கறிவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது என்னை உங்களுக்கு எப்படித் தெரியும்? ஹெலன்ஸ்பர்க்கில் அன்னதானத் தட்டுக் கழுவுகிறபோது நாலு ஞாயிற்றுக்கிழமை கண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இப்போது உங்களுக்குத் தெரியும். என் வழக்கறிஞர் புதிய கடிதம் கேட்கிறா. எழுதி, சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். அந்த வசனத்தை அப்படியே விடுங்கள். அதற்குக் கீழே, எப்படி அறிவீர்கள் என்பதையும் எழுதுங்கள். மார்ச் 4, திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்திலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
யோகராணி